கலப்புக் குதிரையும் அதன் கதியும்

சென்னைக்குத் துறைமுகம் கட்டத் தொடங்குவதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1834-ஐ ஒட்டிய காலத்தில், ஜே. பி. ஈஸ்ட் என்பவர் தீட்டிய சித்திரம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்த குதிரைகளை, கட்டுமரங்களும், கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகும் சூழ, சென்னைக் கரையில் இறக்குகிற காட்சி அது. அன்று தொடங்கி இரண்டாம் உலக யுத்தம் வரையில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம், இந்தியாவின் குதிரைப் படைக்கும் பீரங்கிப் படைக்கும், துரைமார்களின் சாரட்டு வண்டிகளுக்கும், செல்வர்களின் லாயங்களுக்கும் ஆஸ்திரேலியக் குதிரைகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குலம் கோத்திரம் கேட்பார் இல்லை. ஏனெனில் அவை பல ரத்தங்களின் கலப்பிலே பிறந்தவை.

தென்னாடு குதிரைக்கு ஏற்ற பூமி அன்று என்பது பழைய அனுபவம். நரியைப் பரியாக்கிய திருவிளையாடலில் பாண்டியன் தன் அமைச்சரிடம் பொன் கொடுத்தனுப்புவதும் கடல் வழியே வந்திறங்கும் குதிரைகளை வாங்குவதற்காகத்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்துபோன மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அரபுக் குதிரைகள் பெரும் விலைக்கு வாங்கப்படுவதையும், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றில் மிகச் சிலவே ஆண்டு முடிவில் உயிரோடு மிஞ்சுவதையும் எழுதியிருக்கிறார். உயர்ந்த பெட்டைக் குதிரையை உயர்ந்த பொலிக் குதிரையோடு சேர்த்தாலும் இங்கே பிறப்பது கால் கோணிய சிறு குட்டியே என்றும் சொல்கிறார். அவர் சொல்லும் இன்னொரு விஷயந்தான் நமக்கு முக்கியமானது: குதிரை கொண்டுவரும் வணிகர்கள், குதிரை வைத்தியம் தெரிந்தவன் எவனும் இந்த நாட்டுக்கு வந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்களாம், குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்! பிரயாணிகள் சொல்வதை அப்படியே நம்பவேண்டும் என்பதில்லை. ஆயினும், விற்ற மறுகணமே விற்றவனுக்கும் விலங்குக்கும் சம்பந்தம் அற்றுப்போகிறது என்னும் நிலையில் லாபம் எந்தத் திசையில் ஓடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவிலோ குதிரை என்னும் பிராணியே முன்பு கிடையாது. 1788-இல் கைதிகளோடு வந்த முதல் கப்பற்கூட்டம், வழியில் நன்னம்பிக்கை முனையில் ஏற்றிக்கொண்ட ஏழு குதிரைகளோடுதான் அங்கே குதிரை வம்சம் தொடங்கிற்று. பின்னர் அரபுக் குதிரை வந்தது. இங்கிலாந்தின் பந்தயக் குதிரையாகிய தரோப்ரெட் வந்தது. தீமோர்த் தீவின் மட்டக் குதிரை வந்தது. ஏரும் வண்டியும் இழுக்கும் கிளைடெஸ்டேல் முதலிய கனத்த ஜாதிகளும் வந்தன. மேய்ச்சல் நிலத்தில் வேலைக்கு எது உதவுமோ அதை எதனோடும் சேர்த்துப் பார்த்தார்கள். வறட்சியும் நெடுந்தூரமும் மிச்சத்தைக் கழித்துக் கட்டின. அவ்வாறு எஞ்சிய குதிரை, நாள் முழுதும் நீரின்றி நடக்கவும், கிடைத்ததைத் தின்று தேறவும், கனத்த வீரனையும் அவன் மூட்டையையும் சுமந்து சலியாது ஓடவும் வல்லதாயிற்று. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்தமையால் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் அதை வேய்லர் என்று அழைத்தார்கள். இந்தியச் சந்தைக்காகவே அங்கே பண்ணைகள் வளர்ந்தன. நம் நாட்டின் தேவைக்காக வேறொரு நாட்டில் உருவான கலப்புக் குதிரை என்று அதைச் சொன்னால் பெரிதும் பிழையாகாது.

இவ்வாறு ரத்தம் கலப்பது தர்மத்துக்கு ஒத்ததா என்ற கேள்வியை மேனாட்டுக் குதிரைப் பிரியர்கள் வெகுகாலமாகவே எழுப்பி வந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் கருணையும் உண்டு, கர்வமும் உண்டு. ஜாதிக் குதிரை என்று அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற தரோப்ரெட்டே கலப்பில் பிறந்ததுதான். பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்னும் மூன்று கீழ்த்திசைப் பொலிக் குதிரைகளிடம் அதன் ஆண்வழி முழுவதும் சென்று முடிகிறது. தாய்வழியிலோ இங்கிலாந்தில் அன்று ஓடிக்கொண்டிருந்த பலதரப்பட்ட பெட்டைக் குதிரைகள் நிற்கின்றன. 1791-இல் வம்சாவளிப் பதிவேடு அச்சாகி, பின்னர் அதன் கதவு அடைக்கப்பட்ட பிறகுதான் அந்தக் கலப்பு 'தூய்மை' ஆயிற்று. ஜாதியைப் பற்றி நன்றாகத் தெரிந்த நாட்டார் நாம். ஏட்டில் எழுதி, ஏட்டை மூடி, தலைமுறை சில கழிந்துவிட்டால் எதுவும் அநாதியானதாகத் தோன்றும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தூய்மை மயக்கம் விஞ்ஞானத்தையும் கொஞ்சகாலம் ஆட்டிவைத்தது. மார்ட்டன் பிரபு என்பவர் தமது அரபுப் பெட்டைக் குதிரையை, இன்று பூண்டற்று அழிந்துவிட்ட குவாகா என்னும் வரிக்குதிரை வகையோடு சேர்த்து ஒரு கலப்புக் குட்டி பெற்றார். அந்தப் பெட்டை பிறகு வேறொருவரிடம் போய், அரபுப் பொலிக் குதிரைக்கே ஈன்ற குட்டிகளிலும் வரிகள் காணப்பட்டனவாம். 1821-இல் இச்செய்தி வெளியானதும், ஒருமுறை கலப்பு நேர்ந்த பெட்டையின் உதிரம் என்றென்றைக்கும் கெட்டுவிடுகிறது என்ற சித்தாந்தம் எழுந்து, டார்வின் போன்றோரும் அதைத் தள்ளமுடியாமல் எழுதும்படி ஆயிற்று. எடின்பரோ பேராசிரியர் காஸர் யூவர்ட், பெனிகுயிக் என்னுமிடத்தில் ஒரு வரிக்குதிரையை வைத்துக்கொண்டு, பல பெட்டைக் குதிரைகளை முதலில் அதனோடும் பின்னர் குதிரையோடும் சேர்த்துப் பொறுமையாகச் சோதித்து, அப்படி ஒரு தீட்டு இல்லவே இல்லை என்று 1899-இல் நிறுவினார். கலப்பில்லாத குதிரைக் குட்டிகளிலுங்கூட மங்கிய வரிகள் இயல்பாகவே தோன்றுவதுண்டு. பார்த்தவர்களின் கண் அதற்குமுன் அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவே.

கலப்பை எதிர்ப்போர் சொல்லும் இன்னொரு காரணம், சிறிய தாயின் வயிற்றில் பெரிய ஜாதிக் குட்டி உருவானால் பிரசவத்தில் தாய் மாண்டுபோகும் என்பது. இதில் இரக்கம் இருப்பதால் இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். கேம்பிரிட்ஜில் வால்ட்டன், ஹேமண்ட் என்னும் இருவர், ஆனைபோன்ற ஷைர் ஜாதியையும் ஆட்டைவிடச் சற்றே உயர்ந்த ஷெட்லாந்து மட்டக் குதிரையையும் செயற்கைக் கருவூட்டலால் இருவழியிலும் கலந்து, 1938-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஷைர் தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டி, ஷெட்லாந்து தாய்க்குப் பிறந்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பெரியதாக இருந்தது. தாயின் கருப்பை தன்னால் தாங்கக்கூடிய அளவுக்குக் குட்டியை அடக்கியே வளர்க்கிறது. குதிரையைப் பொறுத்தவரையில் இந்த அச்சம், எச்சரிக்கைக்குக் காரணமாகலாமேயன்றித் தடைக்குக் காரணமாகாது.

அடைத்த பதிவேட்டுக்குள் நடக்கும் அநியாயமும் சிறிதன்று. அரபுக் குதிரைகளில் நோய் எதிர்க்கும் சக்தியே இல்லாமல் பிறக்கும் குட்டிகள் உண்டு. தாய் தந்தை இருவரும் அந்தக் குறையை மறைவாகச் சுமந்திருந்தால் நேர்வது அது. அக்குட்டி ஐந்து மாதத்துக்குமேல் பிழைப்பதில்லை. அமெரிக்காவில் குவார்ட்டர் ஜாதியில் 1969-இல் பிறந்த இம்ப்ரெஸிவ் என்ற பொலிக் குதிரை, திரண்ட தசைக்காகக் கண்காட்சிகளில் பரிசுகளைக் குவித்தது. அதன் சந்ததி ஆயிரம் ஆயிரமாகப் பெருகிய பிறகுதான், அந்தத் தசைத் திரட்சியோடு, திடீரென்று உடல் நடுங்கி வாதம் கண்டதுபோல் விழச்செய்யும் பரம்பரை வியாதி ஒன்றும் சேர்ந்தே இறங்கியிருப்பது தெரியவந்தது. இரு பெற்றோரிடமிருந்தும் அந்த வியாதியைப் பெற்ற குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்ற விதி 2007-இல் பிறந்த குட்டிகள் முதற்கொண்டே அமலுக்கு வந்தது. அழகென்று வியந்து பரிசளித்தார்கள். அந்த அழகே நோயாக இருந்தது. எனவே தூய்மையால் புண்ணியமும் கலப்பால் பாவமும் விளையும் என்று கொள்வதற்கு இடமில்லை. தக்கபடி தேர்ந்து கலந்தால் அரபுக் குட்டிகளில் கண்டதுபோல் மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படாமல் அடங்குவதே இயல்பு.

பின், கலப்புக் குதிரையின் விஷயத்தில் குறையே இல்லையா என்றால், உண்டு; அது ரத்தத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. பதிவேட்டில் ஏறிய குதிரைக்கு ஒரு பெயர் உண்டு. அதை ஈன்றவர் பெயர் உண்டு. பந்தயத்தில் தோற்றாலும் குட்டி போடும் என்று வாங்குவார் உண்டு. கலப்பில் பிறந்ததற்கோ அதன் உழைப்பு ஒன்றே விலை. உழைப்பு தீர்ந்த அன்று விலையும் தீர்ந்தது. காலக் கணக்கையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெட்டைக் குதிரை பதினொரு மாதம் சுமக்கிறது. ஒரு பிரசவத்துக்கு ஒரு குட்டி. அது சேணம் தாங்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதன்பின் இருபது, இருபத்தைந்து ஆண்டுகூட உயிர் வாழும். இன்றைய சந்தையைப் பார்த்து இன்று செய்த முடிவு, ஐந்தாண்டுக்குப் பின்புதான் விலைக்கு வருகிறது. முப்பது ஆண்டுவரை தீனி கேட்கிறது. எந்தச் சந்தை முப்பது ஆண்டு நிலையாக நிற்கும்?

கனடாவின் மனிடோபா பிரதேசத்தில் நடந்தது இதற்கு நல்ல திருஷ்டாந்தம். கருவுற்ற குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுக்கப்படும் பெண்மைச் சுரப்பைக் கொண்டு பிரெமரின் என்னும் மருந்து 1942 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்டு வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் உபாதைகளுக்கு அது கொடுக்கப்பட்டது. அதற்காக நூற்றுக்கணக்கான பண்ணைகளில், சாந்த சுபாவமும் பெருத்த உடலும் கொண்ட கனத்த ஜாதிக் கலப்புப் பெட்டைகளைக் குளிர்காலம் முழுதும் குறுகிய கட்டுத்தறியில் நிறுத்தி, உடலோடு பிணைத்த பையில் மூத்திரம் சேகரித்தார்கள். பெட்டை சினையாக இருக்கவேண்டும் என்பதே முதல் நிபந்தனை. ஆகவே ஒவ்வொரு வசந்தத்திலும் ஆயிரக்கணக்கான குட்டிகள் பிறந்தே தீர்ந்தன. அந்தக் குட்டிகளை வேண்டும் என்று பெற்றவர் எவரும் இல்லை. நெல் குத்தும்போது விழும் உமியைப்போல அவை விழுந்தன. சில நல்ல சவாரிக் குதிரைகளாயின. பல இலையுதிர் காலத்து ஏலத்தில் இறைச்சிக்குப் போயின. 2002 ஜூலையில், இந்தச் சிகிச்சையின் ஒரு முறை மார்புப் புற்றையும் பக்கவாதத்தையும் அதிகப்படுத்துகிறது என்று அமெரிக்காவின் பெரிய ஆராய்ச்சி ஒன்று பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மருந்தின் விற்பனை சரிந்தது. பண்ணைகளின் ஒப்பந்தங்கள் ரத்தாயின. குட்டிகளோடு தாய்களும் தெருவுக்கு வந்தன. வைத்தியர்களின் மேஜையில் எடுத்த முடிவு ஒன்றுக்காக, அதை அறியாத ஆயிரக்கணக்கான குதிரைகளுக்கு ஒரே ஆண்டில் வீடு தேடவேண்டியதாயிற்று. தன்னார்வமுள்ள பலர் ஓடி ஓடித் தேடினார்கள் என்பதும் உண்மை. அந்தக் குட்டிகளின் சாதுவான குணமே அவற்றுக்குப் பரிந்து பேசிற்று.

இரக்கமும் சட்டமும் தனித்தனியே போனால் என்ன ஆகும் என்பதை அதே கண்டத்தில் இன்னொரு விவகாரம் காட்டியது. ஐக்கிய அமெரிக்காவில் எஞ்சியிருந்த குதிரை அறுப்புச் சாலைகள் 2007-இல் மூடப்பட்டன, விலங்கன்பர்கள் மகிழ்ந்தார்கள். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2011-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2010-இல் சுமார் 1,38,000 குதிரைகள் அறுப்புக்காகக் கனடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் கொண்டுசெல்லப்பட்டன. மூடுவதற்கு முன் அறுக்கப்பட்டவற்றுக்கு அது ஏறக்குறைய சமம். கூடியது பிரயாணத்தின் தூரமும் அதன் வேதனையுமே. காகிதம் உள்ள குதிரைக்கும் எப்போதும் காப்பு உண்டு என்று நினைத்துவிட வேண்டாம்: 1986-இல் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற ஃபெர்டினண்ட், பொலிக் குதிரையாக ஜப்பானுக்கு விற்கப்பட்டு, குட்டிகள் சோபிக்காமையால் 2002-இல் அறுப்புக்குப் போயிற்று.

வேய்லர்களின் கதைக்குத் திரும்பலாம். முதல் உலக யுத்தத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து 1,30,000-க்கும் மேற்பட்ட குதிரைகள் கடல் கடந்து போயின. 1917 அக்டோபர் 31-ஆம் தேதி மாலையில் பெயர்ஷெபாவின் பதுங்கு குழிகளைத் தாண்டிப் பாய்ந்து, பாலைவனத்து நகரையும் அதன் கிணறுகளையும் பிடித்துக் கொடுத்தவை அவையே. அவ்வளவிலும் தாயகம் திரும்பியது ஒன்றே ஒன்று. கலிப்போலியில் அடிபட்டு மாண்ட ஜெனரல் பிரிட்ஜஸின் சாண்டி என்னும் குதிரை, 1918-இல் மெல்போர்ன் சேர்ந்து, 1923-இல் இறந்தது. மற்றவற்றைக் கொண்டுவர நோய்த் தடுப்பு விதிகள் இடந்தரவில்லை. கப்பற்செலவும் கட்டாது என்றார்கள். மூத்தவையும் முடமானவையும் சுடப்பட்டன. மற்றவை பிரிட்டிஷ் படைக்கும் இந்தியப் படைக்கும் கைமாறின. கைமாறுவதைவிட என் கையால் சாவதே மேல் என்று சில வீரர்கள் தம் குதிரைகளைத் தாமே சுட்டுவிட்டதாக ஆஸ்திரேலியாவில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

எகிப்தில் பிரிட்டிஷ் படை விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான குதிரைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. 1930-இல் பிரிகேடியர் ஜெஃப்ரி புரூக்கின் மனைவியாகக் கெய்ரோவுக்கு வந்த டாரதி புரூக், கல் வண்டிகளிலும் குப்பை வண்டிகளிலும் பூட்டப்பட்டிருந்த எலும்புக் கூடுகளில், சர்க்காரின் அம்புக்குறி சூடு போட்ட பட்டாளக் குதிரைகளை அடையாளம் கண்டாள். சேணம் அறுத்த புண் ஆறின இடத்தில் மயிர் வெள்ளையாகவே முளைக்கும். கறுத்த குதிரையின் முதுகு மேட்டில் உள்ளங்கை அகலம் வெளுத்திருந்தால், அங்கே ஒருகாலத்தில் தசை தெரியப் புண் இருந்தது என்று பொருள். பதிவேடு இல்லாத குதிரைக்கு அதுவே சரித்திரம். 1931-இல் அவள் லண்டன் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகைக்கு எழுதிய கடிதம் ஆங்கிலேயரின் மனச்சாட்சியைத் தைக்கவே, பணம் குவிந்தது. மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 5,000 குதிரைகளை அவள் விலை கொடுத்து வாங்கினாள்.

அந்த 5,000 குதிரைகளை அவள் என்ன செய்தாள் என்பதை, சரிதம் எழுதுவோர் சற்று வேகமாகவே கடந்துவிடுகிறார்கள். நான் அங்கேதான் நின்று பார்க்க விரும்புகிறேன். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இருபது வயது கடந்தவை, குளம்பு சிதைந்தவை, குருடானவை. அவற்றுக்கு நிழலும், ஆழமாகப் பரப்பிய வைக்கோல் மெத்தையும், வயிறு நிறையத் தீனியும் தண்ணீரும் சில நாள் கொடுத்து, பின்பு வலி தெரியாமல் முடித்துவிட்டாள். நம்மில் பலருக்கு இது உறுத்தும். உயிர்க்கொலையைக் கருணை என்று அழைப்பதற்கு நம்முடைய சம்ஸ்காரம் எளிதில் இடங்கொடாது. கிழமாட்டைக் கொல்லாமல் அவிழ்த்துவிட்டு, அது குப்பை மேட்டில் காகிதம் தின்று மெல்ல மெல்லச் சாவதைக் காணாததுபோல் போகிற நம்முடைய அகிம்சையையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். என் மட்டில், நல்ல இடம் கிடைக்கவே கிடைக்காத பிராணிக்கு அவள் செய்தது தகும் என்றே தோன்றுகிறது. தக்க இடம் தேடாமலே அந்த வழியில் இறங்குகிறவர்களுக்கு அவள் பெயரைச் சொல்ல உரிமை இல்லை.

விற்றவர்கள்மேல் அவள் பழி சுமத்தவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அந்தக் குதிரைக்காரர்கள் குதிரையளவுக்கே பட்டினி கிடந்தவர்கள். வேறொரு குதிரை வாங்கினாலன்றி மறுநாள் சோறில்லை. ஆகவே நியாயமான விலை கொடுத்தாள். 1934-இல் கெய்ரோவில் அவள் நிறுவிய ஆஸ்பத்திரி, யுத்தக் குதிரைகள் தீர்ந்த பிறகும், ஏழைகளின் உழைக்கும் விலங்குகளுக்கு இலவச வைத்தியம் செய்வதாக நிலைத்தது. குதிரையை அந்த வீட்டிலிருந்து மீட்பதற்குப் பதிலாக அந்த வீட்டையே நல்ல வீடாக்க முயல்வது என்பது, மீட்பைவிட மெதுவானது. படம் எடுத்துப் பத்திரிகையில் போடத்தக்க காட்சி எதுவும் அதில் இல்லை.

நல்ல வீடு என்பதன் இலக்கணத்தை ஆசையைக்கொண்டு அளப்பதுதான் வழக்கமாயிருக்கிறது. குழந்தை கேட்டது, மனம் இரங்கியது, வாங்கினேன் என்பார்கள். குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தனியே கட்டிப்போட்டால் கொள்ளும் புல்லும் குறைவின்றி இருந்தும் மரத்தைக் கடித்துக்கொண்டு ஏங்கும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க லாடக்காரன் வேண்டும். அவன் பல ஊர்களில் இப்போது இல்லை. நம் நாட்டிலோ இவற்றுக்கெல்லாம் முன்னே சுழி வந்து நிற்கிறது. நெற்றியிலும் கழுத்திலும் மயிர் சுழித்திருக்கும் விதத்தைக்கொண்டு குடி கெடுக்கும் குதிரை, குடி வாழவைக்கும் குதிரை என்று பிரிக்கிற வழக்கத்தால், கண்ணுக்குக் கீழே சுழி விழுந்த ஒரே குற்றத்துக்காக நல்ல குதிரை கைகை மாறி அலைகிறது. சுழி பார்க்கும் கண்ணுக்கு, சேணத்தின் அடியில் இருக்கும் புண் தெரிவதில்லை.

பிறப்பிக்கிறவனிடம் கேட்கவேண்டியவையும் சில உண்டு. வம்சத்துக்கு வேண்டாத ஆண் குட்டிகளைக் காலத்தில் காயடித்துவிட வேண்டும். இதில் கொடுமை என்று தயங்குகிறவன், நாளைக்கு வேண்டாத பத்துக் குட்டிகளுக்குத் தகப்பன் ஆகிறான். விற்பனைப் பத்திரத்தில், எக்காலத்திலும் இந்தக் குதிரையை வைத்துக்கொள்ள இயலாதுபோனால் முதலில் எனக்கே தெரிவி, நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதுகிற வளர்ப்பாளர்கள் மேனாட்டில் சிலர் இருக்கிறார்கள். அந்த வரியை எழுதியவன் அடுத்த ஆண்டு எத்தனை பெட்டையைச் சேர்ப்பது என்பதைத் தானே குறைத்துக்கொள்வான், சட்டம் வேண்டியதில்லை. வேய்லரை இன்று பாதுகாக்க முனைந்திருப்பவர்களும், யுத்தத்துக்குப் பின் மத்திய ஆஸ்திரேலியாவில் காடேறிப்போன கூட்டங்களைப் பிடித்துச் சேர்த்து, 1986-இல் சங்கம் அமைத்து, கலப்பில் பிறந்த அந்தக் குதிரைக்குப் பதிவேடு திறந்திருக்கிறார்கள். கலப்பைக் காக்க வந்த ஏடு இனிமேல் புதுக் கலப்பை அனுமதிக்காது என்பது வேடிக்கைதான். ஆனாலும் பெயர் எழுதப்பட்ட விலங்கு எளிதில் காணாமற்போவதில்லை என்பதால், அந்த வேடிக்கையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்படி எந்த ஏட்டிலும் ஏறாத கலப்பு ஒன்று நம் நாட்டிலேயே பெருவாரியாக இருக்கிறது. ஆண் கழுதைக்கும் பெட்டைக் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு நிறத்திரி (குரோமோசோம்) அறுபத்து மூன்று. குதிரைக்கு அறுபத்து நான்கு, கழுதைக்கு அறுபத்திரண்டு. இரட்டைப்படாத அந்த எண்ணால் அது பெரும்பாலும் மலடாகவே பிறக்கிறது. குட்டிக்காக அதை வைத்துக்கொள்வார் இல்லை. வட இந்தியாவின் செங்கல் சூளைகளில் பச்சைச் செங்கல் சுமப்பதும், கேதார்நாத் மலைப்பாதையில் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வதும் அதுவே. டாரதி புரூக்கின் பெயரால் நடக்கும் ஸ்தாபனம் இன்று இந்தியச் சூளைகளிலும் வேலை செய்கிறது: நுகம் உராயும் இடத்தில் மெத்தென்ற துணி வைத்துக் கட்டவும், நடுப்பகலில் நிழலில் அவிழ்த்துத் தண்ணீர் காட்டவும் உடைமையாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. மழை தொடங்கினால் சூளை அணைந்துவிடும், கூலி நின்றுபோகும், விலங்கின் வயிறு மட்டும் நிற்காது. அந்த நாலைந்து மாதத்துத் தீனிச் செலவை, எட்டு மாதம் அதன் முதுகில் செங்கல் ஏற்றிய சூளை முதலாளியின் கணக்கில் எழுதுவதா, ஏழை உடைமையாளனின் கணக்கில் எழுதுவதா என்பது இன்னும் தீராத வழக்கு.